குப்புசாமி டாக்டர் கையோடு கொண்டுபோன அட்டவணை

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வைத்தியத்துக்கு வராது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. கோட்டாரில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. தமிழ்நாட்டு அரசு நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரி அது ஒன்றுதான். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி. குலசேகரம் பக்கம் போனால் ஓமியோபதி. நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் 1838-லேயே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன சோமர்வெல், லண்டனில் காத்திருந்த ஆஸ்பத்திரி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, இருபது வருஷத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தது அந்த நெய்யூரில்தான். இதெல்லாம் போக, ஊருக்கு ஒரு வர்ம ஆசான்.

இத்தனை இருப்பதால் நம்ம ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திங்கட்கிழமை ஆசாரிப்பள்ளத்தில் ஓபி சீட்டு. புதன்கிழமை கோட்டாரில் கஷாயம். ஞாயிற்றுக்கிழமை ஆசான் வீட்டுத் திண்ணையில் எண்ணெய் தடவல். ஒருவரிடம் போகும்போது மற்ற இருவரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குணமானால் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டோமோ அந்தச் சாமிக்குப் புகழ்.

இந்த மண்ணில் அடிக்கடி முளைக்கும் ஒரு கதை இருக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முன்பு சாயாக்கடையில் சுற்றியது. ‘முப்பது வருஷம் ஊசி போட்ட பெரிய எம்.டி. டாக்டர், மருந்தெல்லாம் விஷம் என்று தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு யோகாவுக்குப் போய்விட்டார்’ என்பது கதை. பக்கத்து வீட்டு மைனி அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அவ்வளவு பெரிய டாக்டரே விட்டுட்டாராம், நான் என்னத்துக்கு இந்த பிரஷர் மாத்திரையை முழுங்கிட்டுக் கெடக்கணும்?”

“அந்த டாக்டர் பேரு என்ன மைனி?”

“பேரு போடல.”

பேர் போடாத டாக்டரை நம்பி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார் மைனி. பேர் உள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள். உண்மையாகவே கரை கடந்தவர்கள். அதில் மூத்தவர் நமக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர். அவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள், எதை விடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தால், வாட்ஸ்அப் கதை எங்கே கோணலாகிறது என்பது தெரியும். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

பத்தமடையிலிருந்து தொடங்குகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய், அங்கே அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால் சேரன்மாதேவிக்கு முன்னால் வரும் ஊர். பேரைச் சொன்னதும் எல்லாருக்கும் பாய்தான் ஞாபகம் வரும். பட்டுப்போல மடியும் அந்தக் கோரைப் பாய்க்கு இருக்கும் பேரில் கால்பங்குகூட, அந்த ஊரில் 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்த குப்புசாமிக்கு நம்ம பக்கத்தில் இல்லை. அப்பய்ய தீட்சிதர் வழிவந்த குடும்பம் என்பார்கள். அப்பா வேங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் அதிகாரி. பையன் படித்ததும் எட்டயபுரத்தில். பாரதியும் அதே ஊர், ஐந்து வயது மூத்தவர். இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்திருப்பார்களா என்று யோசித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பதில் கிடைக்காது, போகட்டும்.

குப்புசாமி தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909-இல், இருபத்திரண்டு வயதில், ‘அம்ப்ரோஸியா’ என்று ஓர் ஆங்கில மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். முதலீடு, அம்மா கொடுத்த நூறு ரூபாய் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எழுத ஆள் கிடைக்காத இடங்களைப் பல புனைபெயர்களில் அவரே நிரப்பினார். நான் கவனித்த விஷயம் இதுதான்: அந்தப் பத்திரிகையிலேயே ஆயுர்வேதமும் உண்டு, ஆன்மிக வாடையும் உண்டு. ஆக, ஒருநாள் காலையில் திடீரென்று ஞானம் பிறந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வீசிய கதை இது இல்லை. இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன.

1913-இல் கப்பலேறி மலாயா போனார். செரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி. நோயாளிகள் யாரென்று சொல்லவேண்டியதில்லை. இங்கிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழ்க் கூலிகள். அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் சீதபேதியும் ஆட்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தன. கொய்னாவும் பேதி மருந்தும் சுத்தமான தண்ணீரும்தான் அங்கே உயிர் காத்தவை. குப்புசாமி டாக்டர் அங்கே ஏழு வருஷத்தை ஒட்டி வேலை பார்த்துவிட்டு ஜொகூருக்கு மாறினார். வீட்டு வைத்தியம், பழமும் ஆரோக்கியமும், பிரசவம், பொதுச் சுகாதாரம் என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். நோய்களுக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒரு புத்தகமும் அதில் சேர்த்தி. தோட்டத்தில் நிற்கும் ஆளிடம் அவன் பாஷையில் நோயைச் சொல்லவேண்டும் என்ற கவலை இருந்த டாக்டர் அவர்.

பத்து வருஷம் இப்படி. பணம் வந்தது, பேர் வந்தது. அவரிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரு சாது வேதாந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதுதான் திருப்பம் என்று சீடர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஒரே புத்தகத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பத்து வருஷம் கூலி லைன்களில் சாவைப் பார்த்த மனுஷனுக்குப் புத்தகம் ஒரு சாக்காக இருந்திருக்கலாம். 1923-இல் வேலையை விட்டார். 1924-இல் ரிஷிகேசம் வந்து சந்நியாசம் வாங்கினார். சுவாமி சிவானந்தர் ஆனார்.

வாட்ஸ்அப்காரர்கள் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ருசியான இடமே இதற்குப் பிறகுதான். 1927-இல் இன்சூரன்ஸ் பாலிசிப் பணம் கொஞ்சம் கையில் வந்தபோது, இந்தச் சந்நியாசி லட்சுமண்ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். பத்ரிநாத் யாத்திரை அந்த வழியாகத்தான் நடந்துபோகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கால்புண்ணுமாக வருகிறவர்களுக்கு மருந்து கொடுத்தார். ஒருநாள் சாயங்காலம் ஒரு யாத்ரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, ராத்திரி யோசித்துப் பார்த்தபோது அதைவிட நல்ல மருந்து ஒன்று நினைவுக்கு வர, விடிவதற்குள் எழுந்து ஓடி, ஐந்தாவது மைலில் அந்த ஆளைப் பிடித்து மருந்தைக் கொடுத்தாராம். ஆசிரமத்தில் இதைப் பக்திக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கேஸை மறக்க முடியாத ஒரு டாக்டரின் கதை.

1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். 1945-இல் ஆயுர்வேத மருந்து தயாரிப்பு. 1948-இல் யோக வேதாந்த அகாடமி. இருநூறுக்கும் மேல் புத்தகங்கள். அந்தப் பட்டியலை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அவர் அச்சடித்துச் சீடர்களுக்குக் கொடுத்த ஒரு தாள். ஆன்மிக நாட்குறிப்பு என்று பேர். கட்டம் போட்ட அட்டவணை. குறுக்கே தேதி. நெடுக்கே கேள்விகள்: எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை பிராணாயாமம், ஒரே ஆசனத்தில் எவ்வளவு நேரம் இருந்தாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய், எத்தனை தடவை கோபம் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று போகும். மாசம் முடிந்ததும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே, காய்ச்சலும் நாடியும் குறித்த சார்ட், அதேதான் இது. செரம்பான் டாக்டர் மருந்துப் பெட்டியை வேண்டுமானால் மாற்றிக்கொண்டார். சார்ட்டை விடவில்லை. கோபத்துக்கு எண்ணிக்கையும் கால அளவும் கேட்கத் தோன்றுவது வேதாந்தம் மட்டும் படித்தவருக்கு வராது. வார்டில் ரவுண்ட்ஸ் போனவருக்குத்தான் வரும்.

அவருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்கவேண்டாம். அவருடைய ஆசனப் புத்தகங்களில் இந்த ஆசனத்தால் இன்னின்ன நோய் தீரும் என்று பட்டியல் பட்டியலாக இருக்கும். அதில் பலவும் எந்தச் சோதனையையும் பார்க்காதவை. அந்தப் பட்டியலைத்தான் பிறகு வந்த யோகா மாஸ்டர்கள் ஈயடிச்சான் காப்பியாகப் பரப்பினார்கள். கூட்டிப் பார்க்கச் சொன்ன அந்த அட்டவணையை யாரும் பரப்பவில்லை.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு டாக்டர், கேப்டன் ஜி. ஸ்ரீனிவாசமூர்த்தி. ஆங்கில மருத்துவம் படித்தவர். நாட்டு வைத்திய முறைகளைப் பற்றி ஆராய 1921-இல் அமைத்த உஸ்மான் கமிட்டியின் செயலாளர். 1925-இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறந்தபோது அவர்தான் முதல் முதல்வர். அந்தப் பள்ளியில் சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் படித்தவர்கள் உடற்கூறும் படித்தார்கள். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இங்கே ஒரு சாட்சியாக நிறுத்திவிட்டுப் போகிறேன்.

சிவானந்தரின் சீடர் ஒருவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர். செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி. 1949-இல் சந்நியாசம் வாங்கி சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல வருஷம் ஆசிரமம் நடத்திவிட்டு 1966-இல் அமெரிக்கா போனார். 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழாவை, லட்சக்கணக்கான இளவட்டங்களுக்கு முன்னால், வெள்ளைத் தாடியும் காவியுமாக உட்கார்ந்து தொடங்கிவைத்தாரே, அவரேதான். அமெரிக்காவில் அவரிடம் யோகம் படித்தவர்களில் ஒருவர், ஹூஸ்டனில் மன அழுத்தத்தில் உடைந்துபோய்க் கல்லூரியை விட்டு வந்திருந்த ஒரு பையன். பேர் டீன் ஆர்னிஷ். அந்தப் பையன் தேறி, மருத்துவம் படித்து, மருத்துவ மாணவனாக இருக்கும்போதே, இதய நோயாளிகளுக்கு இந்த முறையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கிளம்பினார்.

1990-இல் லான்செட்டில் அவருடைய ஆய்வு வந்தது. 48 இதய நோயாளிகள். குலுக்கல் முறையில் பிரித்து 28 பேருக்குப் புதிய வாழ்க்கை முறை: கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, நடை, யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் தியானமும், புகைக்குத் தடை, வாரத்தில் இரண்டு நாள் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேச்சு. மீதி 20 பேருக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டு பக்கமும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கிடையாது. ஒரு வருஷம் கழித்து ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். வாழ்க்கையை மாற்றிய கூட்டத்தில் ரத்தக் குழாய் அடைப்பு சராசரியாக 40.0 சதவீதத்திலிருந்து 37.8-க்கு இறங்கியிருந்தது. மற்றக் கூட்டத்தில் 42.7-லிருந்து 46.1-க்கு ஏறியிருந்தது.

இந்த எண்களை எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். “ரெண்டு சதவீதத்துக்கா ஓய் இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கவனிக்கவேண்டியது அது போன திசை. கூடிக்கொண்டே போகும் என்று எல்லாரும் நினைத்திருந்த அடைப்பு குறைந்தது என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. ஐந்து வருஷம் கழித்து வந்த கணக்கில், மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், ஆஸ்பத்திரியில் சேர்வது போன்ற சம்பவங்கள் 28 பேரில் 25, மற்ற 20 பேரில் 45. ஆள் குறைவு, சம்பவம் அதிகம்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. குறைத்தது உணவா, நடையா, தியானமா, கூடிப் பேசியதா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன ஆய்வு வேறு. ஆர்னிஷ் செய்ததில் நான் மதிப்பது, தன் குருவின் யோகத்தை ஆஞ்சியோகிராம் மேசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் என்பது. குப்புசாமி டாக்டரின் அட்டவணைதான், வேறு ஊரில், வேறு இயந்திரத்தோடு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970-இல் திறந்தது. அதைக் கட்டி முடித்த ஏகநாத் ரானடே 1972-இல் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார். கன்னியாகுமரிக்குள் நுழையும்போது வரும் விவேகானந்தபுரம்தான் அதன் தலைமையகம். நாம் எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம். அந்தக் கேந்திரத்துக்கு 1975-இல் ஓர் எஞ்சினியர் வந்து சேர்ந்தார். பெங்களூர் அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் நாசாவில் வேலை பார்த்த எச். ஆர். நாகேந்திரா. அவரோடு இந்த வேலையில் கைகோத்தவர் டாக்டர் ஆர். நாகரத்னா. எம்.டி. படித்தவர், இங்கிலாந்தின் எம்.ஆர்.சி.பி.யும் முடித்தவர். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்து யோக சிகிச்சைக்குத் தன் வாழ்க்கையைக் கொடுத்தார்.

கொடுத்த கையோடு என்ன செய்தார் என்று பாருங்கள். கேந்திரத்தின் பெங்களூர் யோக சிகிச்சை மையத்தில் ஆஸ்துமாக்காரர்கள் 53 பேருக்கு இரண்டு வாரம் பயிற்சி: மூச்சுப் பயிற்சி, சூரிய நமஸ்காரம், ஆசனம், பிராணாயாமம், தியானம், பஜனை. வீட்டுக்குப் போன பிறகு தினமும் 65 நிமிடம் செய்யவேண்டும். அதே வயது, அதே பால், அதே தீவிரத்தில் ஆஸ்துமா உள்ள இன்னொரு 53 பேரை இணை பார்த்துச் சேர்த்தார்கள். அவர்கள் வழக்கமான மருந்தோடு மட்டும் இருந்தார்கள். வாரத்துக்கு எத்தனை இழுப்பு வந்தது, எவ்வளவு மருந்து தேவைப்பட்டது, குழாயில் ஊதினால் மூச்சின் வேகம் எவ்வளவு என்று எல்லாம் எண்ணில் குறித்தார்கள். மூன்றிலும் யோகக் கூட்டம் முந்தியது. 1985 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதை வெளியிட்டது.

எதிர்க்கட்சி வக்கீலாக நானே பேசிப் பார்த்தேன். குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லையே? தினமும் 65 நிமிடம் உட்காரும் பொறுமை உள்ள ஆளுக்கு மருந்தை நேரத்துக்கு எடுக்கும் பொறுமையும் இருக்குமே? கேள்விகள் சரிதான். ஆனாலும் இப்படிக் கேள்வி கேட்க இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நாகரத்னாவுக்கும் வாட்ஸ்அப் டாக்டருக்கும் வித்தியாசம். பேர் இருக்கிறது, எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. மருந்தை நிறுத்து என்று அதில் எங்கும் இல்லை. இழுப்பு குறையக் குறைய மருந்தின் தேவை குறைந்ததா என்று அளந்தார்கள். நிறுத்திவிட்டுக் குறைந்ததா என்று பார்க்கவில்லை. மைனியிடம் இந்த வரிசையைத்தான் விளக்கவேண்டியிருந்தது: முதலில் பிரஷர் இறங்கவேண்டும், அது நோட்டில் பல வாரம் பதியவேண்டும், அதைப் பார்த்து டாக்டர் குறைக்கவேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் பழையதைவிட மேலே எகிறும்.

மூச்சு எப்படி உடம்புக்குள் வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு இத்தாலியிலிருந்து வந்தது. லூசியானோ பெர்னார்டி என்பவரும் கூட்டாளிகளும் 2001-இல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நல்ல ஆரோக்கியம் உள்ள 23 பேரை ஒருமுறை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், ஒருமுறை யோக மந்திரம் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து அலைபோல ஏறி இறங்கின. அழுத்தம் ஏறினால் துடிப்பைக் குறைத்துச் சமப்படுத்தும் அனிச்சைச் செயல் உடம்பில் இருக்கிறது. அதன் கூர்மை கூடியது.

நம்ம கடற்கரை ஊர்களில் சாயங்காலம் ஜெபமாலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முன்னால் ஒருவர் பாதி சொல்ல, கூட்டம் மீதியைச் சொல்லும். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் மூச்சை மெல்ல இழுக்க நேரம் கிடைக்கிறது. சுசீந்திரத்தில் சகஸ்ரநாமம் சொல்லும் மாமிக்கும், கடியப்பட்டணத்தில் மணியுருட்டும் பாட்டிக்கும் நரம்பு ஒன்றுதான். இந்தச் செய்தியை எங்கள் தெருவில் சொன்னபோது இரண்டு தரப்புக்குமே அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவைக்கிறேன்.

நமக்குப் பிடித்த முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு யோகம் கொடுத்துப் பார்த்த பெரிய இந்திய ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. 24 ஆஸ்பத்திரிகள், 3,959 நோயாளிகள். குலுக்கல் போட்டுப் பிரித்த ஆய்வு. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், சாவு போன்றவை யோகக் கூட்டத்தில் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாகச் சொன்னது கொஞ்சம் கூடியது. பழைய வேலைகளுக்குத் திரும்பியதும் அவர்கள்தான் அதிகம். இதைப் படித்துவிட்டு யோகா தோற்றது என்று ஒரு கட்சி, ஜெயித்தது என்று ஒரு கட்சி. நான் மூன்றாவது கட்சி. மாரடைப்பு வந்த மனுஷன் மாடிப்படி ஏறப் பயந்து முன்னறையில் கட்டிலைப் போட்டுக் கிடப்பதை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். அவரை எழுப்பி வயலுக்கோ கடைக்கோ அனுப்புகிற ஒரு விஷயம், ஆயுளைக் கூட்டாவிட்டாலும், எனக்கு மருத்துவம்தான். ஆனால் அதை ஆயுளைக் கூட்டும் என்று சொல்லி விற்கக் கூடாது.

விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை, வலிப்பு, புற்றுநோய் என்று நீளும் பட்டியலில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வடசேரி பஸ் நிலையச் சுவரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஜனங்கள் ஏன் அந்தச் சுவரை நம்புகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மடமை என்று சொல்லிவிடுவது சுலபம். 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று தொகுத்த ஒரு கட்டுரை 2017-இல் வந்தது. சுவீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி. இரண்டு நிமிடத்தில் பிரஷர் பார்க்கலாம், சீட்டு எழுதலாம். மகன் துபாயிலிருந்து ஆறு மாசமாகப் பேசவில்லை, அதிலிருந்துதான் தூக்கம் போயிற்று என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே நிற்கிற வரிசையை அவர் பார்க்கிறார். கரை கடந்த டாக்டர்கள் ஒருவர் விடாமல் தேடிப் போனது இந்த நேரத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. நாகரத்னாவின் நோயாளிக்கு இரண்டு வாரம் கிடைத்தது. ஆர்னிஷின் நோயாளிக்கு ஒரு வருஷம்.

நம்ம ஊர் ஆசானிடமும் ஜனங்கள் அதற்குத்தான் போகிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று அவர் கணக்குச் சொல்வார். எண்ணெய் தடவி, அடங்கல் என்னும் புள்ளிகளைத் தொட்டு, இளக்குமுறை செய்து, அதற்கிடையில் வீட்டுக்கதை முழுக்கக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். எனக்குத் தெரிந்த ஆசான் ஒருவர், விழுந்து அடிபட்டு வருகிறவர்களை முதலில், “போயி படம் எடுத்துட்டு வா மக்கா, எலும்பு விட்டிருந்தா எங்கிட்ட வராத” என்று அனுப்பிவிடுவார். படம் என்றால் எக்ஸ்ரே. அவர் தாத்தா காலத்தில் அது இல்லை. இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்கிறார்.

அதனால் எனக்கு ஓர் ஆசை. தோள்பட்டை இறுகிப்போய்க் கை தூக்க முடியாமல் வருகிறவர்கள் நம்ம மாவட்டத்தில் ஏராளம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகம். பலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே விட்டுப்போகும் நோய் அது. அதனால்தான் ஆசானும் பிசியோதெரபிஸ்டும் ஸ்டீராய்டு ஊசி போடுகிறவரும் ஒருசேர, குணப்படுத்தியது நான்தான் என்று சொல்ல முடிகிறது. நாகரத்னா செய்ததுபோல 53 பேரை ஆசானிடமும் 53 பேரை ஆசாரிப்பள்ளத்துப் பிசியோதெரபிக்கும் அனுப்பலாம். இந்தத் தடவை குலுக்கல் போட்டுப் பிரிக்கலாம். கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று மாசத்துக்கு ஒருமுறை கோணமானி வைத்து அளக்கலாம், அளப்பவருக்கு யார் எங்கே போனவர் என்று தெரியாமல். ராத்திரி வலியில் எத்தனை தடவை விழித்தார்கள் என்று நோயாளியே எழுத ஓர் அட்டவணை. கோட்டார், முஞ்சிறை, ஆசாரிப்பள்ளம் மூன்றும் ஒருநாளில் பஸ்ஸிலேயே போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்காமல் அலைகிறார்கள்.

ஆசானிடம் இதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தோற்றால் பேப்பரில் போடுவார்களா என்று கேட்டார். போடவேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “செரி, போடட்டு. எண்ணெயில என்ன சேக்கேன்னு மட்டும் கேக்கக் கூடாது” என்றார்.